சில்லறைப் பயணங்கள் – 9: கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கொழும்பில் இருந்து வரும் ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். தண்டவாளம் அங்கே வந்து சேர்ந்தது 1928இல். அதற்குப் பிறகு ஒரு முழம்கூடத் தெற்கே நகரவில்லை. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரம் நெடுக ஊர்கள் இருந்தும் எங்களுக்கு ரயில் என்றால் மட்டக்களப்புக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். சென்ற வாரம் இரவு ரயிலின் மூன்றாம் வகுப்பைப் பற்றி எழுதியதும் நிந்தவூரில் சிலர், "ஊரூரா எழுதுறீங்க, எங்கட ஊர் பஸ்ஸப் பத்தி எப்ப?" என்று கேட்டுவிட்டார்கள். இந்த வாரம் சொந்த ஊர்.

வரைபடத்தைப் பார்ப்பவர்கள், வேலை செய்துகொண்டே படிக்கிற பிள்ளைக்கு நிந்தவூரைப் போல வசதியான ஊர் கிடையாது என்பார்கள். கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று வளைந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலை ஊருக்கு நடுவால் போகிறது. தெற்கே கொஞ்சத் தூரத்தில் ஒலுவில். 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான். வடக்கே காரைதீவு, சாய்ந்தமருது தாண்டினால் கல்முனை. கடை, வங்கி, டியூசன் வகுப்பு, பகுதிநேர வேலை எல்லாம் அங்கே. கம்பஸுக்கு ஒரு பக்கம், வேலைக்கு மறு பக்கம். இரண்டுக்கும் ஒரே ரோட்டு. அக்கரைப்பற்று–கல்முனை பஸ்ஸில் ஏறினால் காரியம் முடிந்தது.

அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லை.

சிவப்பு பஸ்ஸும் மற்ற பஸ்ஸும்

எங்கள் ரோட்டில் இரண்டு வகை பஸ் ஓடுகிறது. ஒன்று இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ். மற்றது தனியார் பஸ். மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் தருவது சிவப்பு பஸ்தான். அந்த சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே காலையில் தரிப்பிடத்தில் நிற்கும் கம்பஸ் பிள்ளைகளைப் பார்த்தாலே யாரிடம் சீசன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தனியார் பஸ் வந்து நிற்கும், கொண்டக்டர் பாதி உடம்பை வெளியே போட்டு "ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று" என்று கூவுவார், இவர்கள் அசையமாட்டார்கள். கண் தெற்கே போகிற பஸ்ஸில் இராது. சிவப்பு எப்போது தெரியும் என்று காரைதீவுப் பக்கம் பார்த்தபடி நிற்பார்கள்.

சிவப்பு பஸ் வந்தால் காசு மிச்சம். வராவிட்டால் முதல் பாடம் போய்விடும். தனியார் பஸ்ஸில் ஏறினால் பாடம் கிடைக்கும், பகல் தேத்தண்ணிக் காசு போய்விடும். அதுவும் ஏறியவுடன் பறந்துவிடாது. ஊருக்குள் இருக்கும் மட்டும் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நின்று ஆள் சேர்க்கும். பின்னால் இன்னொரு பஸ்ஸின் ஹோர்ன் கேட்ட பிறகுதான் ஓட்டம் பிடிக்கும். அந்த ஓட்டத்தில், இறங்க வேண்டியவர் மணி அடித்தும் அடுத்த தரிப்பிடத்தில்தான் இறங்குவார்.

2022ஐ எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். அந்த வருடம் ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாயானது. கட்டணம் ஏறியதோடு பஸ்ஸும் இல்லாமல் போனது. டீசலுக்கு பஸ்கள் வரிசையில் நின்றன, சனம் ரோட்டில் நின்றது. பிறகு கட்டணம் படிப்படியாக 30 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. அந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டவர்களும், படிப்பை ஒத்திவைத்தவர்களும், பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்களும் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மஹாபொல உதவித்தொகை அப்போது மாதம் 5,000 ரூபாய். 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அதை 7,500 ஆக்கினார்கள். வீட்டில் இருந்து போய்வருகிற பிள்ளைக்கு அதில் முதல் செலவு சாப்பாடல்ல, பஸ்.

ஒரு மணித்தியாலத்தின் விலை

கல்முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் மாலை வேலை எனக்கு. பரீட்சைக் காலத்தில் கடை நிரம்பி வழியும். பாடக் குறிப்புகளைச் சுருள் கம்பி போட்டுக் கட்டித் தரச் சொல்லி பிள்ளைகள் எட்டு மணிக்குப் பிறகும் வருவார்கள். நல்ல வியாபாரமே அந்த நேரத்தில்தான். ஆனால் ஏழு மணி தாண்டினால் அக்கரைப்பற்றுப் பக்கம் குறுந்தூர பஸ் வருமா, வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் கொழும்புக்கு ஓடும் பெரிய பஸ்கள் தெற்கில் இருந்து வருகின்றன, நான் தெற்கே போக வேண்டும்.

"தம்பி, நீங்க ஏழு மணிக்கு எழும்பிப் போனா அந்த ஒரு மணித்தியாலக் காச நான் வெட்டத்தானே வேணும்?" என்றார் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. அவர் சொல்வது கணக்கு.

"நிண்டா ஆட்டோவுக்கு அதவிடக் கூடப் போகும் காக்கா."

"அப்ப ஒரு சைக்கிள் எடுங்களன்."

பத்துக் கிலோமீற்றரை இரவில் சைக்கிளில் மிதிக்கலாம். பகல் முழுவதும் வகுப்பில் இருந்து, மாலை முழுவதும் மெஷினுக்கு முன்னால் நின்று, அதற்குப் பிறகு லொறி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மிதிக்கலாம். ஆம்பிளைப் பிள்ளைக்கு அந்த வழியாவது இருக்கிறது. கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள் பலர் கல்முனையில் வேலை கிடைத்தும் போவதில்லை. "பஸ் இல்லாட்டி எப்படிப் புள்ள வருவாய்?" என்று உம்மா கேட்கிற ஒரு கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வீட்டுக்காரர் விடவில்லை என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். வீடு விட்டாலும் பஸ் விடவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

எனக்குக் கிடைக்கும் சம்பளத்தைத் தீர்மானிப்பது முதலாளி அல்ல, என் திறமையும் அல்ல. கடைசி பஸ் புறப்படுகிற நேரம்.

மண்டூருக்கு ஒரு பாதை

சனிக்கிழமை வேறு வேலை. மண்டூர்ப் பக்கம் ஒரு டியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன். கம்பஸ் கூட்டாளி ஒருவன் பிடித்துத் தந்த இடம். மண்டூர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. முருகன் கோயிலால் பேர்பெற்ற ஊர், சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எழுவான்கரை. பஸ், கடை, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் இந்தப் பக்கம். வயல், மாடு, குளம் எல்லாம் அந்தப் பக்கம். குறுக்கே போக ஒருசில பாலங்களும், பாலம் இல்லாத இடங்களில் 'பாதை'யும் உண்டு. பாதை என்று இங்கே சொல்வது ஆளையும் வாகனத்தையும் சேர்த்து அக்கரை கொண்டுபோகும் மிதவையை.

நிந்தவூரில் ஏறிக் கல்முனையில் இறங்கி, மட்டக்களப்பு பஸ்ஸுக்கு மாறி, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு தாண்டி, களுவாஞ்சிகுடிக்கு முன்னால் குருமண்வெளிக்குத் திரும்பும் இடத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து துறைக்கு நடை. இயந்திரம் பூட்டிய தட்டையான மிதவை, இரு பக்கமும் கைபிடிக் கம்பி. கரையில் முட்டியதும் முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கும், பிறகு சைக்கிள், பிறகு சனம். ஏறும்போதும் அதே ஒழுங்கு. கிழமை நாட்களில் காலை நேரத்தில் அந்தப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள்தான் கூடுதல். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று, கரை வரும் முன்னமே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள். சனிக்கிழமையில் கூட்டம் குறைவு. அரிசி மூட்டை, கோழித்தீவனப் பை, ஐஸ் பெட்டியோடு மீன்காரர், களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துத் திரும்பும் வயசாளிகள்.

"எங்க இருந்து மனே வாறாய்?" என்று ஒரு ஆச்சி கேட்டார்.

"நிந்தவூர் ஆச்சி. படிப்பிக்கப் போறன்."

"நிந்தவூர்ல இருந்தா? வந்து போற காசு போக என்ன மிஞ்சும்?"

"பாதை ஓடுற நாளைக்கு மிஞ்சும்."

ஆச்சி சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியும். எஞ்சின் பழுது என்றாலும், காற்றுக் கூடினாலும், மாரியில் வாவி பொங்கினாலும் பாதை நிற்கும். நின்றால் பட்டிருப்புப் பாலத்தால் போய் வெல்லாவெளி சுற்றி வர வேண்டும். அல்லது கல்முனைக்கே திரும்பி, கிட்டங்கியால் நாவிதன்வெளிப் பக்கம் போய் வர வேண்டும். கிட்டங்கித் தாம்போதியோ மழை பிடித்தால் முதலில் தண்ணீருக்குக் கீழே போகிற இடம். நவம்பரில் இருந்து ஜனவரி வரை மூன்று வழியில் இரண்டு நம்பமுடியாதவை. அந்த மாதங்களில் சனிக்கிழமைச் சம்பளத்தை நான் வரவில் எழுதுவதில்லை.

பாலம் வேண்டும் என்று அந்த மக்கள் நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்.

பக்கத்து ஊர் மாணவர்

நிந்தவூருக்கு அடுத்த ஊர் காரைதீவு. 1892இல் அங்கே மயில்வாகனம் என்ற பிள்ளை பிறந்தது. கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்து, 1911இல் கொழும்புக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போனது. படிப்பித்துக்கொண்டே படித்தது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். அவரைத்தான் சுவாமி விபுலானந்தர் என்று உலகம் அறிந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்.

அவர் கொழும்புக்குப் போன காலத்தில் மட்டக்களப்புக்கு ரயில் இல்லை. கல்லடியில் பாலமும் இல்லை. லேடி மனிங் பாலம் 1924இல்தான் வந்தது. ஒற்றை வாகனம் போகிற அந்தப் பாலத்தை நம்பியே எங்கள் பக்கம் தொண்ணூறு வருடம் கழிந்தது, புதுப் பாலம் திறந்தது 2013இல். விபுலானந்தரைப் பற்றிப் பேசும் மேடைகளில் அவருடைய புலமையைப் பற்றி நிறையக் கேட்கலாம். படித்துக்கொண்டே உழைத்த ஒரு வாத்தியார், வாவியையும் காட்டையும் தாண்டி எப்படி அங்கும் இங்கும் போனார் என்பதை ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

வடக்கே திருகோணமலை ரோட்டிலும் இதே கதை. மட்டக்களப்பில் இருந்து மூதூர், கிண்ணியா வழியாகப் போகிறவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், நாட்டின் மிக நீளமான பாலம். அடுத்த சில வருடங்களில் மற்றத் துறைகளிலும் பாலம் வந்து, ஒரு நாளைத் தின்ற பயணம் சில மணித்தியாலமாகச் சுருங்கியது.

பாலம் வந்த இடத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். பழையது போய், புதியது வராமல், நடுவில் கிடக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் சாகிறார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்தது அதுதான். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் என்று ஓடிய மிதவை காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள்.

எங்களுக்கு இன்னும் கிட்டே, 2024 நவம்பர் 26. நிந்தவூரில் மத்ரசாவில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் வெள்ளத்துக்கு விடுமுறை கிடைத்து சம்மாந்துறைப் பக்கம் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். காரைதீவுச் சந்தியில் திரும்பினால் மாவடிப்பள்ளி. அங்கே ரோட்டை மேவி வெள்ளம் ஓடியது. பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனது. ஜனாஸாக்களைத் தேடி நாட்கணக்கில் ஊரே வயல்வெளியில் நின்றது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வகுப்புக்குப் போவதும் அதே ரோட்டால்தான்.

மழை பெய்தால் தாம்போதி மூழ்கும் என்பது ஒவ்வொரு வருடமும் தெரிந்த செய்தி. எத்தனை அடி தண்ணீர் ஏறினால் போக்குவரத்தை நிறுத்துவது, நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் இரவு எங்கே தங்குவது என்பதை மட்டும் வெள்ளம் வந்த பிறகு யோசிக்கிறோம்.

கடல் பக்கத்தில், கப்பல் இல்லை

"கடற்கரை ஊர்தானே, கடலால் போக வழி இல்லையா?" என்று மலையகத்து நண்பன் கேட்டான். ஒலுவிலில் துறைமுகமே இருக்கிறது. டென்மார்க் கடனில் கட்டி, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வணிகக் கப்பல்கள் வரும், வேலை வரும் என்றார்கள். வாயில் மணல் மூடிக்கொண்டது, வணிகத் துறைமுகமாக அது இயங்கவே இல்லை. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்துத் தென்னைகளைச் சாய்த்ததுதான் கண்ட பலன். அந்தக் கடனில் ஒரு துளியை வாவிப் பாதைகளுக்கும் மாலை பஸ்ஸுக்கும் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்த வாரக் குறிப்புகள்

புதிதாகக் கம்பஸுக்கு வந்து, வேலையும் தேடும் தம்பி தங்கைமாருக்குச் சில.

சீசனை மாதத் தொடக்கத்திலேயே எடுங்கள். பரீட்சை மாதத்தில் மட்டும் யோசித்து எடுங்கள். போகாத நாட்கள் கூடினால் சீசன் நட்டம்.

ஆயிரம் ரூபாய்த் தாளோடு காலையில் பஸ்ஸில் ஏறாதீர்கள். மிச்சக் காசு இறங்கும்போது தருகிறேன் என்பார் கொண்டக்டர். இறங்கும் அவசரத்தில் நீங்கள் மறப்பீர்கள், அவர் ஞாபகப்படுத்தமாட்டார்.

கொழும்புக்கு நேர்முகத் தேர்வு என்றால் இரவு பஸ்ஸில் போய், அடுத்த இரவு பஸ்ஸில் திரும்புங்கள். தங்குமிடக் காசு மிச்சம். சோத்துப் பார்சலை வீட்டில் இருந்தே கட்டிக்கொண்டு போங்கள். பஸ் நிறுத்துகிற கடைகளில் விலை வேறு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் குறையும். பதினொன்றரைக்கு முன்னம் ஏறுங்கள், அல்லது இரண்டு மணிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரி காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் போவதென்றால், புறப்பட முன்னம் அந்தக் கரையில் இருக்கிற ஒருவருக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். பாதையில் நடுவில் நில்லுங்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் இறங்கி அடுத்த தடவைக்கு நில்லுங்கள். ஒரு வகுப்புப் பிந்தினால் பிந்தட்டும்.

கேட்பது பெரிதல்ல

பாலமும் ரயிலும் வருகிற காலத்தில் வரட்டும். அதுவரைக்கும் மூன்று காரியத்தை அதிகம் செலவில்லாமல் செய்யலாம். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் தரிப்பிடங்களில் ஒரு பலகை வைத்து, சிவப்பு பஸ் வரும் நேரத்தை எழுதலாம். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்கு இரவு எட்டரைக்கு ஒரு பஸ்ஸைக் கட்டாயமாக ஓட்டலாம், ஆள் குறைந்தாலும் நிறுத்தக்கூடாது. பாதை ஓடும் ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர், எத்தனை வாகனம் என்ற அளவை எழுதி, உயிர்காப்பு அங்கிகளைப் பெட்டியில் பூட்டாமல் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடலாம்.

உழைத்துப் படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகையைக் கூட்டுவது நல்ல காரியம். பஸ் வரும் என்று உறுதியாகத் தெரிவது அதைவிடப் பெரிய உதவி. நேரம் தெரிந்தால் அந்தப் பிள்ளை தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஊர்த் தரிப்பிடத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். நேரத்தைச் சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால் அதையும் ஊரின் பெயரோடு இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். வந்தவற்றைத் தொகுத்து டிப்போக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.

(அடுத்த வாரம்: காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல். மாணவர் கைக்கு எட்டுமா?)